ஒரு சாண் பாறை

அக்கா,

போகிக்கு இன்னும் இரண்டே நாள். காலையில் எங்கள் வீட்டுக்காரர் பரணில் ஏறி உட்கார்ந்துகொண்டு பழைய சாமான்களை ஒவ்வொன்றாகக் கீழே நீட்டிக்கொண்டிருந்தார். கிழிந்த பாய், ஓட்டை விழுந்த மண்ணெண்ணெய் ஸ்டவ், பையனுடைய ஆறாம் வகுப்பு நோட்டுகள். எல்லாவற்றுக்கும் "போட்டுடுங்க, போட்டுடுங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். கடைசியாக இரண்டு பக்கமும் மூடி போட்ட மூன்றடிக் குழாய் ஒன்று வந்தது.

"இது இன்னா பைப்பு? பிளம்பர் வுட்டுட்டுப் பூட்டானா?" என்றார்.

மூடியைத் திருகினேன். பாச்சா உருண்டை வாசனை குப்பென்று முகத்தில் அடித்தது. உங்கள் வேலைதான். பிளாஸ்டிக் தாளை எந்தப் பூச்சி அரிக்கும் என்று நான் கேட்டபோது, "எங்க பொழிச்சலூர் பூச்சிய உனக்குத் தெரியாது" என்று சொல்லி நாலு உருண்டையை உள்ளே போட்டீர்களே, அதன் வாசனை. உருண்டைகள் கரைந்துபோய்விட்டன. வாசனை போகவில்லை.

"இதையும் போட்டுடவா?" என்றார் மேலேயிருந்து.

"அத மட்டும் தொடாதீங்க!" என்று நான் கத்திய கத்தலில் மனிதர் பரண் பலகையில் தலையை இடித்துக்கொண்டார். அவருக்கு என்ன தெரியும்? நான் யாரிடம்தான் சொன்னேன்? உங்களிடமே சொல்லவில்லை.

உங்களை முதலில் பார்த்தது குரோம்பேட்டையில், நான் வேலை பார்த்த பிளான் ஆபீஸில். பொழிச்சலூர் வீட்டுக்கு மாடி எடுக்க வரைபடம் வேண்டும் என்று வந்தீர்கள். ஓனர் உங்களிடம் விமான நிலையம், உயரம், அனுமதி என்று என்னென்னவோ பயம் காட்டிக்கொண்டிருக்க, நீங்கள் அவர் பேச்சைக் கேட்கவே இல்லை. மூலை மேஜையில் மை பேனாவால் சுவர் இழுத்துக்கொண்டிருந்த என் கையையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பிறகு எழுந்து வந்து, "இன்ஜினியரம்மா, உங்க கை நடுங்கவே மாட்டேங்குதே" என்றீர்கள். நான் ஐ.டி.ஐ. படித்தவள்தான், இன்ஜினியர் இல்லை என்றேன். "கைக்கு அது தெரியாதுல்ல" என்று சிரித்தீர்கள். கடைசிவரை எனக்கு அந்தப் பெயர்தான்.

உங்களுக்குத் தொலைபேசி இலாகாவில் வேலை. ஞாயிற்றுக்கிழமையானால் மலை. பாறையில் கீறிய பழைய உருவங்களைத் தேடி ஜவ்வாது மலைக்குள் பஸ் போகிற இடத்துக்கும் அப்பால் நடப்பீர்கள். மாதத்தின் இரண்டாம் ஞாயிறு, மேற்குத் தாம்பரத்தில் ஒரு டியூஷன் சென்டர் மாடியில் உங்கள் கூட்டம் கூடும். பத்துப் பன்னிரண்டு பேர், பெரும்பாலும் ரிட்டயர்டு ஆண்கள். பாறையில் ஒரு மனித உருவம் தெரிந்தால் போதும், அவர்களுக்கு அது வீரன், கையில் இருப்பது ஆயுதம். "இவங்களுக்குச் சண்டையும் வேட்டையும் விட்டா வேற ஒண்ணும் தெரியாது. அந்தக் காலத்துல யாரும் சோறு ஆக்கலையா, புள்ள வளக்கலையா?" என்று பல்லாவரம் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் நின்று பொரிந்து தள்ளுவீர்கள். அவர்கள் உங்களைக் கேட்டுக்கொண்டது டீக்கு மட்டும்தான். அந்தக் கோபம் எனக்கும் தொற்றிக்கொண்டது. என்னைவிட நீங்கள் மூன்று வயதுதான் பெரியவர். நாம் இரண்டு பேரும் சேர்ந்து திட்டுவதற்கு ஊரில் நிறையப் பேர் இருந்தார்கள்.

பாறைமேல் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் தாளை விரித்து, கீறலின் மேல் மார்க்கர் பேனாவை ஓட்டிப் படி எடுப்பது உங்கள் வழக்கம். அதற்கு என் கை வேண்டும் என்றீர்கள். விதி மூன்றுதான். கண்ணுக்கும் விரலுக்கும் தெரிந்தால் முழுக்கோடு. சந்தேகம் என்றால் புள்ளிக்கோடு. தெரியவில்லை என்றால் விட்டுவிட வேண்டும். "விட்ட இடமும் சேதிதான் இன்ஜினியரம்மா" என்பீர்கள்.

எனக்கு அந்த மூன்றாவது விதி மட்டும் மண்டையில் ஏறவே இல்லை. என் பிழைப்பில் விட்ட இடம் என்றால் திட்டு. சுவர் சுவரோடு சேர்ந்தாக வேண்டும். பார்ட்டி ஓர் அளவைச் சொல்லாமல் போய்விட்டால், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்து நடுவில் இருப்பதை நாமே போட்டுவிட வேண்டும். பதினைந்து வருடம் அப்படியே பழகிய கை அது.

அந்தத் தை மாதம் போளூரில் உங்கள் சித்தி வீட்டில் தங்கி, விடிந்ததும் மலை ஏறுவதாக ஏற்பாடு. காலை பஸ் வரவே இல்லை. அடுத்த பஸ்ஸைப் பிடித்து, இறங்கி, வழிகாட்ட வந்த மலையூர்க்காரர் பொன்னுசாமி முன்னே நடக்க, நாம் மூச்சு வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். அவருடைய மாடுகள் மேய்கிற சரிவில்தான் அந்தப் பாறை இருந்தது. ஆட்டக்காரப் பாறை என்றார். ஏழு பேர் வரிசையாகக் கைகோத்து நிற்கிறார்கள் என்றீர்கள். எனக்கு வெறும் பாறைதான் தெரிந்தது. சாய்ந்த வெயிலில்தான் அது எழும்பும், உச்சி வெயிலில் விரலால்தான் பார்க்க வேண்டும் என்று என் கையைப் பிடித்து வைத்தீர்கள். ஒரு தோள், அப்புறம் ஒரு கை, அந்தக் கையைப் பிடித்த இன்னொரு கை. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

"எத்தன வயசுக்கா இதுக்கு?"

"வயசக் கேக்காத. உள்ள பொம்பளைங்க இருக்காங்க."

சிரித்தோம். அன்றைக்கு அவ்வளவுதான் சிரிப்பு. காற்று தாளைப் பிய்த்துக்கொண்டு போகப் பார்த்தது. நாலு மணி பஸ்ஸை விட்டால் மறுநாள்தான் என்றார் பொன்னுசாமி. மறுநாள் என் பையனுக்குப் பரீட்சை. "அக்கா நேரமாச்சு, அக்கா நேரமாச்சு" என்று உங்களை அரித்தெடுத்தது நான்தான். நீங்கள் டேப்பைப் பிடித்து மொத்த நீளத்தை அளந்து நோட்டில் எழுதினீர்கள். நான் முதல் தாளில் நாலு பேரை எடுத்தேன். அதைச் சுருட்டிவிட்டு, இரண்டாவது தாளை விரித்து மூன்று பேரை எடுத்தேன். இரண்டாவது தாள் முதல் தாளின் மேல் நாலு விரல் ஏறியிருக்க வேண்டும். அவசரத்தில் அதைப் பார்க்காமல் விரித்திருக்கிறேன், பாவி.

"முழுசா எடுத்துட்டியா?" என்று பஸ்ஸில் கேட்டீர்கள். "எடுத்துட்டேன்க்கா" என்றேன். அப்போது அது பொய்யில்லை.

மறுநாள் அஸ்தினாபுரத்தில், எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டு இரண்டு தாளையும் சேர்த்து வைத்தேன். சேரவில்லை. உங்கள் நோட்டு அளவோடு வைத்துப் பார்த்தால், நாலாவது ஆளுக்கும் ஐந்தாவது ஆளுக்கும் நடுவே சரியாக ஒரு சாண் பாறை இல்லை. அந்த ஒரு சாணை நான் பார்க்கவும் இல்லை, தொடவும் இல்லை.

தெருமுனையில் எஸ்.டி.டி. பூத் இருந்தது. தொலைபேசி இலாகாவில் வேலை பார்க்கிற உங்களுக்கு ஒரு போன் போட எனக்கு மனசு வரவில்லை. கூட்டத்தில் எல்லாரிடமும் "இவ கையில தப்பே வராது" என்று சொல்லி வைத்திருந்தீர்களே. அந்தப் பெயர் எனக்கு வேண்டியிருந்தது. வேறு எங்கே எனக்கு ஒரு பெயர் இருந்தது?

இரண்டு பக்கமும் பார்த்தேன். நாலாவது ஆளின் கையும் ஐந்தாவது ஆளின் கையும் மற்றக் கைகளைப் போல நேராக இல்லை, கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தன. பெரியவர்கள் இரண்டு பேர் கையைத் தாழ்த்தினால் நடுவில் இருப்பது யார்? கணக்கு சரியாக வந்தது. ஒரு குழந்தையை வரைந்தேன். தலை இடப்பக்கம் கொஞ்சம் சாய்ந்து, ஒரு காலைத் தூக்கியபடி. வீட்டு முகப்புப் படங்களில் கேட் பக்கத்தில் உயரம் தெரிவதற்காக ஒரு சின்ன ஆளை நிற்க வைப்பேனே, அதே தலைச் சாய்வு. புள்ளிக்கோடாவது போட்டிருக்கலாம். முழுக்கோடாகப் போட்டேன் அக்கா.

சாயங்காலம் வந்தீர்கள். தாளைப் பார்த்ததும் செருப்பைக்கூடச் சரியாக விடாமல் தரையில் உட்கார்ந்துவிட்டீர்கள்.

"இது குழந்தையா?"

நான் அடுப்படியில் பாலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அந்தப் பக்கத்த நீதான எடுத்த. குழந்தைதான? பாருடி, புள்ளைய நடுவுல வுட்டு ஆடியிருக்காங்க! இனிமே எவனாச்சும் வீரன் கீரன்னு சொல்லட்டும், வச்சிக்கிறேன்!"

எல்லாரும் டீ போட அனுப்புகிற உங்களை நான் அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்ததில்லை. வாயைத் திறந்தேன். பால் பொங்கியது. அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பும்போது நீங்கள் நோட்டில் எழுத ஆரம்பித்துவிட்டீர்கள். சொல்வதற்கு இருந்த நேரம் அதுதான். பால்மேல் பழி போட்டுக்கொண்டு அதைப் போகவிட்டேன்.

கூட்டத்தின் மாத மடலில் உங்கள் கட்டுரை வந்தது. படியைச் சின்னதாக ஜெராக்ஸ் எடுத்துச் சேர்த்திருந்தார்கள். அந்த ஞாயிறு நீங்கள் பேசி முடித்ததும் கைதட்டினார்கள். ஆறு மாதம் உங்களுக்கு டீ வேலை இல்லை. பிறகு ஐந்து பேர் வேன் வைத்துக்கொண்டு மலைக்குப் போனார்கள். காலை வெயிலுக்கே போயிருக்கிறார்கள். நல்ல கேமரா கொண்டு போயிருக்கிறார்கள்.

அடுத்த கூட்டத்தில் போட்டோக்களை மேஜைமேல் பரப்பினார்கள். ஏழு பேர் பளிச்சென்று இருந்தார்கள். நடுவில் பாறைத் தோல் உதிர்ந்துபோன மொட்டை இடம்.

"குழந்தை எங்கம்மா?" என்றார் ஒருவர்.

"லேடீஸ் பாத்தா எல்லா இடத்துலயும் குழந்தைதான் சார் தெரியும்," என்றார் இன்னொருவர். சிரித்தார்கள். கெட்ட மனிதர்கள் இல்லை. ஆனால் நன்றாகச் சிரித்தார்கள்.

நான் கடைசி பெஞ்சில் இருந்தேன். கையில் பாதி பிஸ்கட். எல்லாரும் என்னைப் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். நீங்கள் என் பக்கம் திரும்பவே இல்லை. "படி என் பேர்ல வந்தது. தப்புன்னா என் தப்பு" என்றீர்கள். குரல் உடையவில்லை. புடவைத் தலைப்பை மட்டும் இழுத்து இழுத்துச் சரி செய்துகொண்டிருந்தீர்கள்.

ஷேர் ஆட்டோவில் வரும்போது சானடோரியம் தாண்டியதும் மெதுவாகக் கேட்டீர்கள்.

"நீ பாத்ததான?"

"பாத்தேன்க்கா."

"அப்ப இருக்கு."

அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு கேள்வி இல்லை. ஐந்து பேரின் கண்ணையும் கேமராவையும்விட என் வார்த்தை உங்களுக்குப் பெரிதாகப் போய்விட்டது. நீங்கள் என்னைச் சந்தேகப்பட்டு நாலு வார்த்தை திட்டியிருந்தால் அன்றைக்கே உளறியிருப்பேன். நம்பிவிட்டீர்களே, நான் எப்படிச் சொல்வேன்?

அதன்பிறகு மூன்று தடவை தனியாகப் போனீர்கள். நான் ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் சொன்னேன்: மாமியாருக்குக் கண் ஆபரேஷன், ஆபீஸில் கம்ப்யூட்டர் வந்திருக்கிறது, பையனுக்கு ஜுரம். காலை வெயிலில் பார்த்தீர்கள், மாலை வெயிலில் பார்த்தீர்கள், மழை விட்ட மறுநாள் ஈரப் பாறையில் பார்த்தீர்கள். மூன்றாம் தடவை சரிவில் விழுந்து முட்டி வீங்கி வந்தீர்கள். காலை முக்காலிமேல் நீட்டிக்கொண்டு, "வெயில் சாயுறப்ப லேசா தெரிஞ்ச மாதிரிதான் இருந்துச்சு இன்ஜினியரம்மா. ஒரு தல மாதிரி. மேகம் வந்துடுச்சு" என்றீர்கள். நான் உங்கள் முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். தேய்த்துக்கொண்டே இருந்தேன், வேறென்ன செய்ய.

கூட்டத்துக்குப் போவதையும் நிறுத்திக்கொண்டீர்கள். ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது மூக்கில் குழாய். கையைப் பிடித்து, "எழுந்ததும் ஒரு தடவ சேர்ந்து போலாம். எங்கன்னு நீ காட்டு" என்றீர்கள். "காட்டுறேன்க்கா" என்றேன். அந்தப் பொய்யைச் சொன்னபோது கை நடுங்கவில்லை, அக்கா. இந்தக் கையை என்ன செய்வது?

காரியம் முடிந்த அன்று உங்கள் வீட்டுக்காரர் படித் தாள்கள் இருந்த இந்தக் குழாயைக் கொண்டுவந்து கொடுத்தார். "உங்ககிட்டதான் குடுக்கணும்னு சொல்லிகிட்டே இருந்தா. பத்திரமா இருக்குமாம்" என்றார்.

நீங்கள் போய் ஒரு வருடம் கழித்து, தனியாக மலைக்குப் போனேன். அந்த மொட்டை இடத்தின்மேல் கையை வைத்து உங்களிடம் சொல்லிவிட்டு வரலாம் என்று போனேன். பைத்தியக்கார யோசனைதான். இந்தத் தடவை நாலு மணி பஸ்ஸை விட்டுவிட்டேன். பொன்னுசாமி வீட்டில் சாமைச் சோறு போட்டார்கள். வெயில் சாயும்போது அவரும் கூட வந்தார். நீங்கள் சொன்னது போலவே ஒவ்வொருவராக எழும்பினார்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. அடுத்து குழந்தை.

தலை இடப்பக்கம் சாய்ந்திருந்தது. ஒரு கால் தூக்கியிருந்தது. மற்றவர்கள் எல்லாம் பாறை நிறத்திலேயே இருக்க, அது மட்டும் வெள்ளை வெளேரென்று புதுக் காயமாக இருந்தது.

"இருக்குது பாத்தீங்களா?" என்றார் பொன்னுசாமி, வெட்கத்தோடு. "அந்தப் போனு அம்மா மூணு தபா வந்தாங்க. காலைலேர்ந்து குந்திக்கினே இருப்பாங்க, தண்ணிகூடக் குடிக்கமாட்டாங்க. இந்த மாரி ஒரு கொழந்த தெரிஞ்சா சொல்லுன்னு ஒரு தாளு குடுத்துட்டுப் போனாங்க. எங்க கண்ணுக்கு ஒண்ணும் தெரியல. பாவமா இருந்திச்சி. மழையில பூட்டிருக்கும், நாமளே திருப்பிப் போட்டுடலாம்னு நானும் எங்க மச்சானும் உளி எடுத்துக்கினு வந்தோம். அடுத்த தபா வந்தா சந்தோசப்படுவாங்கன்னு."

"அவங்க இனிமே வரமாட்டாங்க" என்றேன்.

அவர் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். "பாக்காமயே பூட்டாங்களா?" என்றார்.

அவரைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை? எத்தனையோ தலைமுறை யாரும் கைவைக்காத பாறை. அதில் உங்கள்மேல் இருந்த பிரியத்தில் என் பொய்யை வெட்டி வைத்திருக்கிறார். அவரிடமாவது உண்மையைச் சொன்னேனா? இல்லை. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்குங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். என் புத்தியைப் பாருங்கள்.

கண்ணுக்கும் விரலுக்கும் தெரிந்தால் முழுக்கோடு என்பீர்களே. இனி யார் தாளோடு மலையேறி, உங்கள் விதியைக் கொஞ்சமும் மீறாமல் படி எடுத்தாலும், என் குழந்தையை முழுக்கோடாகத்தான் வரைவார்கள். இன்னும் இருபது மழை பெய்தால் அந்த வெள்ளையும் மங்கிவிடும். அப்புறம் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. நீங்கள் அவமானப்பட்டது அநியாயம் என்றுகூடச் சொல்வார்கள். அந்த நினைப்பு வந்தபோது, "அப்படியே போகட்டுமே, அக்கா பேர் நிமிர்ந்துடுமே" என்று ஒரு நிமிடம் ஆசைப்பட்டேன். ஒளிப்பானேன். ஆசைப்பட்டேன். நீங்கள் இருந்தால் காறித் துப்பியிருப்பீர்கள்.

இன்று மத்தியானம் மேஜையைத் துடைத்து, புதுத் தாள் ஒன்றை உங்கள் படியின்மேல் விரித்தேன். நாலு பேரை வரைந்தேன். ஒரு சாண் விட்டேன். மூன்று பேரை வரைந்தேன். எழுந்து போய்ச் சோறு வடித்தேன், துணி மடித்தேன், திரும்பி வந்து பார்த்தேன்; அந்த இடம் அப்படியேதான் இருந்தது. கை பரபரவென்று வந்தது. பேனா மூடியைப் போட்டுவிட்டேன். தாளின் ஓரத்தில், இந்த இடம் படி எடுக்கப்படவில்லை, முதல் படியில் இருக்கும் குழந்தை நான் வரைந்தது, பாறையில் இப்போது இருப்பது அந்தப் படியைப் பார்த்து வெட்டியது என்று எழுதி என் பெயரைப் போட்டேன். பொன்னுசாமி பெயரைப் போடவில்லை. அவரிடம் முதலில் நேரில் போய்ச் சொல்ல வேண்டும். மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் போகிறேன்.

அடுத்த கூட்டத்தில் பத்து நிமிடம் கேட்டிருக்கிறேன். "என்ன விஷயமா?" என்று போனில் கேட்டார்கள். அந்த அம்மாவின் கட்டுரைக்கு ஒரு திருத்தம் என்றேன். அதே ஆட்கள்தான் இருப்பார்கள், கொஞ்சம் கிழவர்களாகி. சிரித்தால் சிரிக்கட்டும். இந்தத் தடவை முன் பெஞ்சில் உட்காரப் போகிறேன். இரண்டு படியையும் குழாயில் போட்டு, புதிதாக நாலு பாச்சா உருண்டையும் போட்டு வைத்திருக்கிறேன்.

அவர்களிடம் சொல்வதற்கு முன்னால் உங்களிடம் சொல்லிவிட வேண்டும். சானடோரியம் தாண்டியதும் ஷேர் ஆட்டோவில் ஒன்று கேட்டீர்களே.

பாக்கலக்கா.